ஒரே அளவு புரதம், வெவ்வேறு விளைவு: தீவனப் புரத மூலங்களும் விலங்குகளின் வளர்சிதை மாற்றமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கறவை மாடு, கோழி, பூனை, நாய், மீன் ஆகியவற்றை வளர்ப்பவர்களும் கால்நடை அறிவியல் பயிலும் மாணவர்களும் புரதத் தீவனம் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. விலங்கினத்துக்கு விலங்கினம் விடை மாறுவதால், ஒன்றுக்குச் சொன்னதை மற்றொன்றுக்கு அப்படியே பொருத்திப் பார்க்க வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

தீவன மூட்டையில் அச்சிட்டிருக்கும் புரத விழுக்காடு ஒன்றாகவே இருக்கும்போது, அந்தப் புரதம் எதிலிருந்து வந்தால் என்ன?

மூட்டையில் அச்சிடப்படுவது கச்சாப் புரதத்தின் அளவு. கோபன்ஹேகனில் யோஹான் கெல்டால் 1883-இல் வகுத்த முறையை ஒட்டித் தீவனத்தில் உள்ள நைட்ரஜனை அளந்து, புரதத்தில் சராசரியாக 16 விழுக்காடு நைட்ரஜன் இருப்பதாகக் கொண்டு, கிடைத்த எண்ணை 6.25-ஆல் பெருக்கினால் அந்த விழுக்காடு வந்துவிடும். அளக்கப்பட்டது நைட்ரஜன் மட்டுமே. புரதத்தின் கட்டுமானக் கூறுகளான அமினோ அமிலங்களில் அது எதில் இருந்தது, செரிக்கக்கூடியதா, புரதத்தைச் சேர்ந்ததுதானா என்ற எதையும் இந்தக் கணக்கு காட்டாது. 46 விழுக்காடு நைட்ரஜன் கொண்ட யூரியாவை இதே முறையில் அளந்தால் அதில் 287 விழுக்காட்டுக்கும் மேல் புரதம் இருப்பதாக விடை வரும்.

இந்த ஓட்டையைச் சிலர் குற்றச் செயலுக்கே பயன்படுத்தினார்கள். 2007-இல் சீனாவிலிருந்து அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட கோதுமைக் குளூட்டனில், புரத அளவைக் கூட்டிக் காட்டுவதற்காக, நைட்ரஜன் மிகுந்த மெலமைன் என்ற தொழிற்சாலை வேதிப்பொருள் கலக்கப்பட்டிருந்தது. அது சேர்ந்த உணவைத் தின்ற நாய்களும் பூனைகளும், மெலமைனும் அதனுடன் கலந்திருந்த சயனூரிக் அமிலமும் இணைந்து உருவான படிகங்கள் சிறுநீரகத்தில் அடைத்துக்கொண்டதால் இறந்தன. ஆகவே விழுக்காட்டைப் பார்ப்பது தேவைதான் என்றாலும், அதோடு நிறுத்திக்கொண்டு தீவனம் வாங்குவது சரியான முறை ஆகாது.

ஒரு புரதம் மற்றொன்றைவிட மேலானது என்பது எப்படித் தெரியவந்தது?

அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் தாமஸ் ஆஸ்பர்னும் லஃபாயெட் மெண்டலும் எலிகளைக் கொண்டு நடத்திய சோதனைகள் இதற்கு அடித்தளம் இட்டன. 1914-இல் வெளியான அவர்களுடைய ஆய்வில், மக்காச்சோளத்தின் சீன் என்ற புரதத்தை மட்டுமே புரதமாகப் பெற்ற எலிகள் எடை இழந்தன. அதனுடன் டிரிப்டோபான் என்ற அமினோ அமிலத்தைச் சேர்த்தபோது எடை இழப்பு நின்றது. லைசின் என்ற மற்றோர் அமினோ அமிலத்தையும் சேர்த்த பிறகுதான் எலிகள் வளரத் தொடங்கின. லைசின் குறைந்த கோதுமைப் புரதமான கிளையடினைத் தின்ற எலிகள் உயிருடன் நலமாக இருந்தும் வளராமல் அதே எடையில் நின்றன. மூன்று நிலையிலும் எலிகளுக்குத் தீவனத்தில் புரதம் இருந்தது. மாறியது அதில் எந்த அமினோ அமிலம் இருந்தது, எது இல்லை என்பதுதான்.

இதன் காரணம் உயிரணுவுக்குள் இருக்கிறது. மாவுச்சத்தைக் கிளைக்கோஜனாகவும் கொழுப்பைக் கொழுப்பாகவும் சேமித்துவைக்கும் உடலில், அமினோ அமிலங்களைத் தனியே சேமித்துவைக்கும் கிடங்கு எதுவும் இல்லை. ஒரு புரதத்தைக் கட்டும் நேரத்தில் தேவையான அமினோ அமிலங்கள் எல்லாம் ஒருங்கே கிடைத்தாக வேண்டும். ஒன்று குறைந்தாலும் கட்டுமானம் அந்த அளவோடு நின்றுவிட, மற்றவை எவ்வளவு மிகுதியாக இருந்தாலும் கல்லீரலில் சிதைக்கப்படுகின்றன. அவற்றின் நைட்ரஜன் கழிவாக வெளியேறுகிறது. எஞ்சும் கார்பன் சட்டகம் குளுக்கோஸாகவோ கொழுப்பாகவோ மாறுகிறது அல்லது அப்போதே எரிக்கப்படுகிறது. விலை கொடுத்து வாங்கிய புரதம் தவிட்டின் வேலையைச் செய்கிறது என்றே இதைச் சொல்ல வேண்டும்.

அப்படி மிஞ்சிய நைட்ரஜனை எல்லா விலங்குகளும் ஒரே விதமாகவா வெளியேற்றுகின்றன?

இல்லை. பாலூட்டிகளின் கல்லீரல், ஹான்ஸ் கிரெப்ஸும் குர்ட் ஹென்செலைட்டும் 1932-இல் விளக்கிய யூரியா சுழற்சியின் வழியே அம்மோனியாவை யூரியாவாக மாற்றுகிறது. பறவைகள் யூரிக் அமிலமாகவும், மீன்கள் பெரும்பகுதியைச் செவுள்களின் வழியே அம்மோனியாவாகவும் கழிக்கின்றன. யூரியா ஆக்குவதற்கும் யூரிக் அமிலம் ஆக்குவதற்கும் ஆற்றல் செலவாகும் என்பதால், பொருந்தாத புரதம் விலங்கின் ஆற்றலையும் தின்கிறது. யூரிக் அமிலத்தின் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒரு கிளைசின் செலவாவது கோழிக்குக் கூடுதல் சுமை.

மாவுச்சத்தையும் கொழுப்பையும் செரித்துப் பயன்படுத்துவதைவிடப் புரதத்தைக் கையாளும்போது உடலில் அதிக வெப்பம் உண்டாகிறது. நாமக்கல் போன்ற முட்டைக்கோழிப் பகுதிகளில் கோடைக் காலத்தில் இது பெரிய பொருட்டாகிறது. வெயில் கடுமையாகும்போது கோழி தீவனம் எடுப்பது குறைகிறது என்பதற்காகக் கச்சாப் புரதத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கூட்டுவதைவிட, மெத்தியோனின், லைசின் முதலிய அமினோ அமிலங்களைத் தனியே சேர்த்து மொத்தப் புரதத்தைச் சற்றுக் குறைப்பதே கோழியின் உடலுக்கு இதமானது. எச்சத்தில் நைட்ரஜன் குறைவதால் கொட்டகையில் அம்மோனியா நெடியும் குறைகிறது.

கோழித் தீவனத்தில் சோயாப் புண்ணாக்குக்கு ஏன் இவ்வளவு முதன்மை? பச்சைச் சோயாவை அரைத்துப் போடக் கூடாதா?

சோயாப் புண்ணாக்கில் 44 முதல் 48 விழுக்காடு வரை புரதம் உண்டு. தானியங்களில் குறையாக உள்ள லைசின் அதில் நிறைவாக இருக்கிறது. மக்காச்சோளத்தோடு சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று ஈடு செய்வதால், மெத்தியோனினை மட்டும் வெளியிலிருந்து சேர்த்தால் கோழிக்குப் பெரும்பாலும் போதுமானதாகிறது. கடலைப் புண்ணாக்கிலும் புரதம் ஏறத்தாழ இதே அளவு இருந்தாலும், லைசினும் மெத்தியோனினும் அதில் குறைவு. சோயாவை எடுத்துவிட்டு அதே எடைக்குக் கடலைப் புண்ணாக்கைப் போட்டால் தாளில் விழுக்காடு மாறாது. ஆனால் பிராய்லர் குஞ்சின் வளர்ச்சி பின்தங்கும், வயிற்றில் கொழுப்பு கூடும். எள்ளுப் புண்ணாக்கில் மெத்தியோனின் அதிகமாகவும் லைசின் குறைவாகவும் இருப்பதால், சோயாவுடன் ஓரளவு கலந்து பயன்படுத்த அது நல்ல துணை.

பச்சைச் சோயா கூடவே கூடாது. அதில் டிரிப்சின் என்ற செரிமான நொதியைத் தடுக்கும் புரதங்கள் உள்ளன. குடலில் டிரிப்சின் முடக்கப்பட்டால், மேலும் நொதி வேண்டும் என்ற செய்தி ஹார்மோன் வழியே கணையத்துக்குச் சென்றுகொண்டே இருக்கும். கணையம் பருத்து, மேலும் மேலும் நொதியைச் சுரக்கும். அந்த நொதிகளும் மெத்தியோனின், சிஸ்டைன் ஆகிய கந்தக அமினோ அமிலங்கள் செறிந்த புரதங்களே என்பதால், மெத்தியோனின் ஏற்கெனவே குறைவாக உள்ள தீவனத்தைத் தின்னும் குஞ்சு தன் உடலிலிருந்தும் அவற்றை மலத்தில் இழக்கிறது. சூடாக்கிய சோயாவே எலிகளை வளர்க்கிறது என்பதை ஆஸ்பர்னும் மெண்டலும் 1917-இலேயே காட்டினர். தீவன ஆலைகள் இதற்காகவே சோயாவை யூரியேஸ் நொதிச் சோதனைக்கு உட்படுத்துகின்றன; வெப்பம் போதுமான அளவு பட்டிருந்தால் சோயாவிலேயே உள்ள அந்த நொதியும் பெரும்பாலும் அழிந்திருக்கும்.

சூடு மிஞ்சினாலும் தீங்குதான். அளவுக்கு மீறிச் சூடாக்கும்போது லைசின் சர்க்கரையுடன் பிணைந்து, குடலால் எடுத்துக்கொள்ள முடியாத வடிவத்துக்கு மாறிவிடுகிறது. கருகிய நிறத்தில் வரும் புண்ணாக்கை விலை குறைவு என்பதற்காக வாங்க வேண்டாம்.

கடலைப் புண்ணாக்கைக் கூடுதலாகக் கொடுத்தும் மாட்டில் பால் ஏறவில்லை. ஏன்?

மாடு தின்னும் புரதத்தில் பெரும்பகுதியை முதலில் தின்பவை அதன் நான்கு இரைப்பைகளில் முதலாவதான பெருவயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள். அவை புரதத்தை அமினோ அமிலங்களாகவும், அங்கிருந்து அம்மோனியாவாகவும் சிதைத்து, அந்த அம்மோனியாவிலிருந்து தங்கள் உடற்புரதத்தைக் கட்டிக்கொள்கின்றன. பிறகு அந்த நுண்ணுயிர்களே நான்காம் இரைப்பைக்கும் சிறுகுடலுக்கும் சென்று செரிக்கப்படுகின்றன. மாட்டின் சிறுகுடலை அடையும் அமினோ அமிலங்களில் பாதிக்கு மேல் பொதுவாக இப்படிப்பட்ட நுண்ணுயிர்ப் புரதத்திலிருந்தே வருகிறது. கோழிக்கு ஏற்றதாகச் சொன்ன அமினோ அமிலக் கணக்கு மாட்டுக்கு அப்படியே பொருந்தாததற்கு இதுவே காரணம். மாட்டுக்குப் புரத மூலத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, அந்தப் புரதம் பெருவயிற்றில் எவ்வளவு விரைவாகக் கரைந்து சிதைகிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

கடலைப் புண்ணாக்கும் கடுகுப் புண்ணாக்கும் வேகமாகச் சிதைபவை. தேங்காய்ப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு, மக்காச்சோளக் குளூட்டன், மீன்தூள் ஆகியவை மெதுவாகச் சிதைபவை. அவற்றின் புரதத்தில் கணிசமான பங்கு பெருவயிற்றைத் தப்பிக் கடந்து நேராகச் சிறுகுடலை அடைகிறது.

வேகமாகச் சிதையும் புண்ணாக்கை ஒரே வேளையில் நிறையக் கொடுக்கும்போது பெருவயிற்றில் அம்மோனியா திடீரென உயர்கிறது. அதைப் புரதமாக மாற்றுவதற்கு நுண்ணுயிர்களுக்கு உடனடி ஆற்றல் வேண்டும். மக்காச்சோளம், கம்பு, அரிசிக் குருணை போன்ற மாவுச்சத்து அதே நேரத்தில் வயிற்றில் இல்லாமல் வெறும் வைக்கோல் மட்டும் இருந்தால் அவற்றால் அம்மோனியாவைப் பிடிக்க முடியாது. மிஞ்சிய அம்மோனியா இரத்தத்தில் ஏறிக் கல்லீரலுக்குச் சென்று யூரியாவாகிறது. அதில் ஒரு பங்கு உமிழ்நீர் வழியாகவும் பெருவயிற்றுச் சுவர் வழியாகவும் திரும்பி வந்து மறுபடியும் பயன்படுவது அசைபோடும் விலங்குகளுக்குக் கிடைத்த அரிய வசதி என்றாலும், எல்லை தாண்டினால் மீதி சிறுநீரில் போய்விடும். யூரியா பாலிலும் கசியும் என்பதால் பாலின் யூரியா அளவைச் சோதித்து இந்த வீணடிப்பைக் கண்டுகொள்ளலாம். அந்த அளவு நெடுநாள் உயர்ந்தே இருக்கும் மாடுகளில் சினைபிடிப்பும் குறையக்கூடும்.

ஆகவே பால் ஏறாத இடத்தில் மேலும் புண்ணாக்கு வாங்குவதற்கு முன், அதே புண்ணாக்கை இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுத்தும், தானியத்தைச் சற்றுக் கூட்டியும் பாருங்கள். கன்று ஈன்ற முதல் இரண்டு மூன்று மாதங்களில், பால் உச்சத்தில் இருக்கும் மாட்டுக்கு நுண்ணுயிர்ப் புரதம் மட்டும் போதாது. மெதுவாகச் சிதையும் புண்ணாக்கையோ, பெருவயிற்றில் சிதையாதவாறு பதப்படுத்திய 'பைபாஸ்' புரதத் தீவனத்தையோ அப்போது சேர்ப்பதில் பொருள் உண்டு. நாளுக்கு நான்கைந்து லிட்டர் கறக்கும் மாட்டுக்கு அதற்கான செலவு வீண் என்பது என் கருத்து.

நுண்ணுயிர்களே அம்மோனியாவிலிருந்து புரதம் கட்டும் என்றால், யூரியாவைத் தீவனமாகக் கொடுக்கலாமா?

அளவோடும் முறையோடும் கொடுக்கலாம். மொத்த உலர் தீவனத்தில் 1 விழுக்காட்டைத் தாண்டாமல், நன்றாகக் கலந்து, மாவுச்சத்துடன், சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை நீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூன்று வாரம் மூடிவைத்துப் பதப்படுத்தும் முறையும் நெடுங்காலமாக நடைமுறையில் உள்ளது. அதில் வைக்கோலின் செரிமானத் தன்மையும் கூடுகிறது. பெருவயிறு முதிராத கன்றுகளுக்கும், கோழி, பன்றி முதலியவற்றுக்கும் யூரியா உதவாது. பச்சைச் சோயாவை யூரியாவுடன் சேர்ப்பது ஆபத்து. சோயாவில் உள்ள யூரியேஸ் நொதி அம்மோனியாவை ஒரேயடியாக வெளியிட்டுவிடும். யூரியாவைத் தின்ற மாடு நடுங்கினாலோ, வாயில் நுரை தள்ளினாலோ, வயிறு உப்பினாலோ, ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும்.

சூபாபுல் இலையில் புரதம் நிறைய என்கிறார்கள். ஆனால் மயிர் உதிரும் என்றும் சொல்கிறார்கள். எது உண்மை?

இரண்டும் உண்மை. சவுண்டல் என்றும் வழங்கும் சூபாபுல் இலையில் உலர் எடையில் 20 விழுக்காட்டுக்கு மேல் புரதம் இருக்கும்; கூடவே மைமோசின் என்ற நச்சு அமினோ அமிலமும் இருக்கும். பெருவயிற்றில் மைமோசின் சிதைந்து உண்டாகும் பொருள் தைராய்டு சுரப்பியின் வேலையைத் தடுப்பதால், கழுத்தில் வீக்கம், மயிர் உதிர்தல், பசியின்மை, எடைக் குறைவு ஆகியவை வருகின்றன. புரதத்துடன் வரும் ஒரு சிறு மூலக்கூறு விலங்கின் மொத்த வளர்சிதை வேகத்தையே குலைப்பதற்கு இது தெளிவான சான்று.

இதன் தொடர்ச்சி இன்னும் சுவையானது. ஆஸ்திரேலியாவில் சூபாபுல் தின்ற மாடுகள் நோயுற்றபோது, ஹவாயில் அதையே தின்ற ஆடுகள் நலமாக இருந்தன. அந்த வேறுபாட்டைத் தேடிய ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆய்வாளர், ஹவாய் ஆடுகளின் பெருவயிற்றில் இந்த நச்சைச் சிதைக்கும் பாக்டீரியா இருப்பதை உணர்ந்தார். பெருவயிற்று நீரை மாற்றிக் கொடுத்தபோது ஆஸ்திரேலிய விலங்குகளும் அந்தத் திறனைப் பெற்றன. 1992-இல் அந்த பாக்டீரியாவுக்கு அவர் பெயரைத் தாங்கிய சினர்ஜிஸ்டஸ் ஜோன்சி என்ற பெயர் சூட்டப்பட்டது. நடைமுறையில், மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல், வேறு பசுந்தீவனத்துடன் கலந்து கொடுப்பது பாதுகாப்பானது. குதிரைக்கும் கோழிக்கும் இதைத் தவிர்த்துவிடலாம்.

பால் விலை அதிகம் என்பதால் இளங்கன்றுக்குச் சோயா மாவுக் கரைசல் கொடுக்கலாமா?

முதல் மூன்று வாரங்களில் வேண்டாம். பாலின் கேசீன், கன்றின் நான்காம் இரைப்பையில் கைமோசின் நொதியால் தயிர்போல் உறைந்து, பல மணி நேரத்துக்கு மெதுவாகச் சிறுகுடலுக்கு அமினோ அமிலங்களை அனுப்புகிறது. சோயாப் புரதம் அவ்வாறு உறையாது. அதைவிடப் பெரிய சிக்கல், அதிலுள்ள கிளைசினின் முதலிய புரதங்கள் இளங்குடலில் ஒவ்வாமையைத் தூண்டி, உறிஞ்சும் குடலுறிஞ்சிகளைக் குட்டையாக்கிக் கழிச்சலை உண்டாக்குவது. உறையாத மோர்ப் புரதத்தைக் கொண்டு செய்த பால் மாற்றுத் தீவனங்களில் கன்றுகள் நன்றாகவே வளர்கின்றன என்பதிலிருந்து, உறைதலைவிட இந்த ஒவ்வாமையே முதன்மையான தடை என்று கொள்ளலாம்.

பூனைக்குப் பால் சோறும் தயிர் சோறும் மட்டும் கொடுத்து வளர்க்க முடியுமா?

வெளியே போய் எலியும் பல்லியும் பிடிக்கும் பூனை, நாம் வைக்கும் சோற்றை நம்பி வாழ்வதில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பில் அடைபட்ட பூனைக்கு அந்த வழி இல்லை. அதற்கு அசைவ உணவு இல்லாமல் செய்வது, அல்லது தேவையான சத்துகள் சேர்க்கப்பட்ட பூனை உணவு இல்லாமல் செய்வது, நேரடியாக அதன் உடல்நலத்தைக் கெடுப்பதாகும்.

பூனையின் கல்லீரலில் அமினோ அமிலங்களைச் சிதைக்கும் நொதிகள், உணவில் புரதம் மிகக் குறையும்போதும் எலியில் நடப்பதுபோல் அடங்குவதில்லை. புரதம் வந்தாலும் வராவிட்டாலும் சிதைவு தொடர்கிறது. அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அலுவலர் சங்கத்தின் அளவுகோலில், வளர்ந்த நாயின் உணவுக்குக் குறைந்தது 18 விழுக்காடு புரதம் என்றும் பூனைக்கு 26 விழுக்காடு என்றும் வைத்திருப்பதில் இந்த வேறுபாடு தெரிகிறது.

அடுத்தது ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம். யூரியா சுழற்சியை இயக்க வேண்டிய ஆர்னித்தினைப் பூனையால் தன் உடலில் போதிய அளவு ஆக்க முடியாது; உணவில் வரும் ஆர்ஜினினிலிருந்தே அதைப் பெற வேண்டும். கலிபோர்னியாவில் ஜேம்ஸ் மாரிஸும் குவின்டன் ராஜர்ஸும் 1978-இல் காட்டியபடி, ஆர்ஜினின் மட்டும் நீக்கப்பட்ட ஒரே ஒரு வேளை உணவுக்குப் பின் சில மணி நேரத்தில் பூனையின் இரத்தத்தில் அம்மோனியா ஏறி, வாந்தியும் தள்ளாட்டமும் உண்டாயின. இறைச்சியிலும் மீனிலும் ஆர்ஜினின் நிறைய உண்டு. இயல்பான இரையில் இந்தக் குறை நேர்வதே இல்லை.

மூன்றாவது டாரின் என்ற அமினோ அமிலம். இது விலங்குத் தசையில் உண்டு, தாவரப் புரதத்தில் ஏறத்தாழ இல்லை, பாலின் கேசீனிலும் இல்லை. நாய் மெத்தியோனினிலிருந்தும் சிஸ்டைனிலிருந்தும் டாரினை ஆக்கிக்கொள்ளும். பூனை மிகச் சிறிதளவே ஆக்கும், பித்த நீருக்காக அதையும் இடைவிடாமல் செலவழிக்கும். கேசீனைப் புரதமாகக் கொண்ட உணவில் வளர்ந்த பூனைகளின் விழித்திரை சிதைவதையும், அதற்கு டாரின் குறைவே காரணம் என்பதையும் 1975-இல் ஹேய்ஸும் அவர் குழுவினரும் வெளியிட்டனர். 1987-இல் பால் பியான் என்ற கால்நடை மருத்துவரின் குழுவினர், கடையில் விற்ற உணவைத் தின்ற பூனைகளில் இதயத் தசை விரிந்து தளரும் நோய்க்கும் இதே குறைபாடு காரணம் என்றும், டாரின் கொடுத்தால் இதயம் மீள்கிறது என்றும் காட்டினர். அதன் பிறகு பூனை உணவுகளில் டாரின் அளவு உயர்த்தப்பட்டது. கண் குறைபாடு முற்றினால் மீளாது என்பதால், அறிகுறி தெரியும்வரை காத்திருக்க வேண்டாம்.

கேசீன் கொழுப்பைக் கூட்டும், சோயா குறைக்கும் என்ற செய்தி எங்கிருந்து வந்தது?

முயல்களிடமிருந்து. 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மீக்கரும் கெஸ்டனும், உணவில் கொலஸ்டிரால் சேர்க்காமலேயே கேசீன் மிகுந்த தீவனம் முயல்களின் இரத்தக் கொலஸ்டிராலை உயர்த்தித் தமனிகளைத் தடிக்கச் செய்வதையும், சோயாப் புரதம் அவ்வாறு செய்யாததையும் கண்டனர். கேசீனில் ஆர்ஜினினைவிட லைசின் மிக அதிகம், சோயாவில் அந்த விகிதம் சமநிலைக்கு நெருக்கம் என்பதைப் பின்வந்த ஆய்வாளர்கள் ஒரு காரணமாகச் சுட்டினர். சோயா பித்த அமிலங்களை மலத்தில் அதிகமாக வெளியேற்றுவதும் மற்றொரு காரணம். முயல் தழையுண்ணி, கொலஸ்டிராலைக் கையாள்வதில் அது மிகவும் நொய்மையானது. மனிதரில் இதே விளைவு மிகச் சிறியது. முயலின் எண்களைக் காட்டி மனிதருக்கு உணவுப் பட்டியல் எழுதுவதை நான் ஏற்கவில்லை.

மீன் வளர்ப்பில் மீன்தூளுக்குப் பதிலாகச் சோயா போதுமா?

இனத்தைப் பொறுத்தது. சால்மன் போன்ற ஊனுண்ணி மீன்களில் சோயா மாவு, அதிலுள்ள சப்போனின் என்ற வேதிப்பொருள்களால் பின்குடலில் அழற்சியை உண்டாக்குகிறது. சப்போனின் நீக்கிய சோயாப் புரதச் செறிவு அவ்வளவு தீங்கு செய்வதில்லை. ரோகு, கட்லா போன்ற கெண்டை இனங்கள் தாவரப் புரதத்தை நன்றாக ஏற்பவை. கடலைப் புண்ணாக்கும் தவிடும் கலந்த உணவில் நம் குளங்களில் அவை பல காலமாக வளர்ந்து வருகின்றன.

பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கைக் காயவைத்துக் கொடுக்கலாமா?

கூடாது. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் இறந்ததைத் தேடியபோது, பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலை மாவில் பூஞ்சை உண்டாக்கிய அஃப்ளாடாக்சின் என்ற நச்சு கண்டறியப்பட்டது. கல்லீரலுக்குள் இந்த நச்சு மரபணுப் பொருளில் ஒட்டிக்கொண்டு புரத உற்பத்தியையே குறைக்கிறது. புண்ணாக்கில் புரதம் எவ்வளவு இருந்தாலும் அதைப் பயன்படுத்த வேண்டிய கல்லீரல் முடங்கிப்போகிறது. கறவை மாட்டில் அதன் ஒரு பகுதி வேறு வடிவில் பாலுக்கும் வந்துவிடும். இந்தியாவில் அதற்கு ஒரு கிலோ பாலுக்கு 0.5 மைக்ரோகிராம் என வரம்பு உள்ளது. வெயிலில் காய்வதாலோ பாலைக் காய்ச்சுவதாலோ இந்த நச்சு நீங்குவதில்லை.

புரத மூலத்தை மாற்றியே ஆக வேண்டுமென்றால் எப்படி மாற்றுவது?

மாட்டுக்கும் ஆட்டுக்கும் பத்து நாள் முதல் இரண்டு வாரம் வரை எடுத்துக்கொண்டு, பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டிவர வேண்டும். பெருவயிற்று நுண்ணுயிர்கள் புதிய தீவனத்துக்கு ஏற்ப மாற அவ்வளவு நாள் தேவை. அந்த நாட்களில் சாணத்தின் இறுக்கம், அசைபோடுதல், பாலின் அளவு, கொழுப்புச் சத்து ஆகியவற்றைக் கவனியுங்கள். கோழிக்குப் புண்ணாக்கை மாற்றும்போது எடைக்கு எடை மாற்றாமல், லைசினுக்கும் மெத்தியோனினுக்கும் கணக்குப் போட்டுக் குறைவதைத் தனியே சேர்க்க வேண்டும். பருத்திக்கொட்டைப் புண்ணாக்காக இருந்தால் முட்டைக்கோழிக்கு அதைத் தவிர்த்துவிடுங்கள். அதிலுள்ள காசிபால் என்ற நச்சுப் பொருள் முட்டையின் மஞ்சள் கருவைப் பாசிப்பச்சை நிறமாக்கும். வளர்ந்த மாடு அதை ஓரளவு தாங்கும், இளங்கன்று தாங்காது. பூனைக்கும் நாய்க்கும் ஒரு வாரத்தில் மாற்றிவிடலாம். ஆனால் புதிய உணவைப் பூனை ஒரு நாளுக்கு மேல் தொடவில்லை என்றால் பழையதற்கே திரும்பிவிடுங்கள், ஏனெனில் பட்டினி கிடக்கும் பூனையின், அதிலும் பருமனான பூனையின், கல்லீரலில் சில நாட்களிலேயே கொழுப்பு படியத் தொடங்கிவிடும்.